மேடு ஏறும் நடைக்கு என்ன கணக்கு? நடையும் ஆயுளும் பற்றி ஒரு கோத்தகிரிக் கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வி இது: கோத்தகிரியில் இருக்கிறீர்கள். வயது 58. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்கள், சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. தினமும் நடக்கிறீர்கள், ஆனால் போனில் 4,500 ஸ்டெப்புக்கு மேல் வருவதில்லை. மகன் 10,000 வேண்டும் என்கிறார். இறக்கத்தில் முட்டி வலிக்கிறது. இதையெல்லாம் விட ஒன்று உறுத்துகிறது. உங்கள் அம்மா முப்பது வருடம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர், கால் ஓய்ந்து உட்கார்ந்த நாளே இல்லை, 61 வயதில் நெஞ்சுவலியில் போய்விட்டார். பிறகு நடந்தால் ஆயுள் கூடும் என்பதை எப்படி நம்புவது?

10,000 உங்களுக்குத் தேவையில்லை. மேடு ஏறும் ஊரில் 4,500 ஸ்டெப் என்பது போன் காட்டுவதை விடப் பெரிய வேலை. அம்மாவின் கேள்விதான் கனமானது. அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆய்வுகளில் "இறப்பு அபாயம் 30% குறைவு" என்று வருவதை இப்படிப் படிக்க வேண்டும். கணக்குக்காக, ஒரே வயதுள்ள 1,000 பேரில் பத்து ஆண்டில் 100 பேர் இறப்பார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 1,000 பேரும் நன்றாக நடப்பவர்களாக இருந்தால் 70 பேர் இறப்பார்கள். அந்த 70 பேரும் நடந்தவர்கள்தான். அவர்கள் வீட்டில் யாராவது "நடந்தும் போய்விட்டாரே" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. ஆனால் பிழைத்த 30 பேரை யாராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. "நடை என்னைக் காப்பாற்றியது" என்று அவர்களுக்கே தெரியாது. ஒரு குடும்பத்தின் அனுபவத்தை வைத்து இந்தக் கணக்கை மெய்ப்பிக்கவும் முடியாது, பொய்யாக்கவும் முடியாது.

இரண்டாவது, உழைப்பும் உடற்பயிற்சியும் உடலுக்கு ஒன்றல்ல. 2018-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வேலையில் கடும் உடலுழைப்பு செய்த ஆண்களுக்கு அகால மரண அபாயம் 18% அதிகமாக இருந்தது. பெண்களிடம் அப்படித் தெளிவான உயர்வு தெரியவில்லை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் பணக்கார நாடுகளில் நடந்தவை. இந்தியா உட்பட 17 நாடுகளில் 1,30,000 பேரைப் பின்தொடர்ந்து 2017-இல் வெளிவந்த ஆய்வில், வேலை, வீட்டு வேலை, பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பது என எந்த வகை அசைவாக இருந்தாலும் நன்மை தெரிந்தது. ஆகவே அம்மாவைக் கொழுந்துக் காடு கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். நடையால் ஈடுசெய்ய முடியாத சில விஷயங்கள் அந்த வாழ்க்கையில் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்வேன்.

கொழுந்து பறிப்பவரின் நாளைக் கூர்ந்து பாருங்கள். சரிவில் ஒரு காலை மேலும் ஒரு காலைக் கீழும் ஊன்றி, இடுப்பை முன்னால் வளைத்து, மணிக்கணக்கில் ஒரே வரிசையில் நிற்பது. கால் அதிகம் நகர்வதில்லை, கையும் முதுகும்தான் ஓயாமல் இயங்குகின்றன. பிறகு நனைந்த இலையின் பாரத்தைச் சுமந்துகொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறுவது. பாரத்தோடு தசை இறுகி நிற்கும் நேரமெல்லாம் ரத்த அழுத்தம் உயர்ந்தே இருக்கும். பயிற்சி நடையில் அரை மணி நேரம் உயர்ந்த அழுத்தம் அதன்பின் சில மணி நேரம் வழக்கத்தை விடத் தாழ்ந்து நிற்கும். அந்த ஓய்வில்தான் உடல் தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது. வேலை முடிந்து லைன் வீட்டுக்கு வந்து, மூடிய அடுப்படியில் விறகுப் புகையில் சமைப்பவருக்கு அந்த ஓய்வு எங்கே கிடைக்கும்? விறகுப் புகை, வெற்றிலையோடு புகையிலை, அளந்தே பார்க்காத பிரஷர் மூன்றும் இதயத்துக்குத் தனித்தனியே கேடு செய்பவை. இவற்றில் எது உங்கள் அம்மாவிடம் இருந்தது என்பது உங்களுக்குத்தான் தெரியும். பெற்றோரில் ஒருவர் இளவயதிலேயே மாரடைப்பில் போவது பிள்ளைகளுக்கும் ஒரு அபாயக் குறி. பெண் என்றால் 65-க்கு முன், ஆண் என்றால் 55-க்கு முன் என்பது வழக்கமான அளவுகோல். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதை மறக்காமல் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை வேண்டுமா என்ற முடிவே இதனால் மாறக்கூடும்.

உடல் அசைவுக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பை முதலில் எண்ணிக் காட்டியவர் பிரிட்டன் மருத்துவர் ஜெரமி மாரிஸ். லண்டன் இரட்டை அடுக்கு பஸ்களில் டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ நாளொன்றுக்கு 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்குவார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் உடனே இறப்பது ஏறத்தாழ பாதிதான் என்று 1953-இல் அவர் வெளியிட்டார். அத்தோடு விடவில்லை. சீருடை தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் இடுப்பளவு ஏற்கெனவே பெரிதாக இருந்தது. அப்படியென்றால் உட்கார்ந்ததால் நோய் வந்ததா, நோய் வரக்கூடிய உடம்புக்காரர்கள் உட்காரும் வேலைக்குப் போனார்களா? இந்தத் துறை இன்றுவரை சுமக்கும் சந்தேகம் இது. உடம்பு முடியாதவர் நடக்கமாட்டார். "நடக்காதவர் சீக்கிரம் இறக்கிறார்" என்பதில் ஒரு பங்கு அதுதான். நல்ல ஆய்வுகள் முதல் இரண்டு மூன்று ஆண்டு மரணங்களை ஒதுக்கிவிட்டு மறுபடி கணக்குப் போடுகின்றன. பலன் சுருங்குகிறது, மறைவதில்லை.

ஆட்களைச் சீட்டுக் குலுக்கிக் கூட்டங்களாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகள் இன்னும் கறாரானவை. நார்வேயின் டிரான்ட்ஹெய்மில் 70 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,567 பேரை ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து 2020-இல் முடிவு சொன்னார்கள். மேற்பார்வையில் பயிற்சி செய்தவர்களுக்கும், நாட்டின் பொதுப் பரிந்துரைப்படி சுறுசுறுப்பாக இருங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களுக்கும் இறப்பில் கணக்கில் நிற்கும் வித்தியாசம் இல்லை. பயிற்சியால் பயனில்லை என்று இதைப் படிக்கக் கூடாது. ஒப்பிட எடுத்த கூட்டமும் நன்றாக நடந்துகொண்டிருந்த ஆரோக்கியமான கூட்டம். ஏற்கெனவே நடப்பவர் இன்னும் கடுமையாகச் செய்தால் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம் என்பதையே இது காட்டுகிறது. பூஜ்யத்திலிருந்து கொஞ்சத்துக்கு வருவதில்தான் லாபத்தின் பெரும்பகுதி இருக்கிறது.

அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு? தைவானில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த 2011 ஆய்வில், தினம் 15 நிமிடம் மிதமாக அசைந்தவர்களுக்கு, ஒன்றும் செய்யாதவர்களை விட இறப்பு அபாயம் 14% குறைவு. அதற்கு மேல் ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் இன்னும் 4% குறைவு. முதல் 15-க்கும் அடுத்த 15-க்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். 6,61,137 பேரின் தரவைச் சேர்த்த 2015 தொகுப்பும் இதையே சொல்கிறது: வாரம் 150 நிமிடத்தை எட்டாமல் ஏதோ கொஞ்சம் செய்தவர்களுக்கே 20% குறைவு, 150 முதல் 300 நிமிடம் செய்தவர்களுக்கு 31%, அந்த 150 நிமிடத்தைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு வரை போனவர்களுக்கு 39%. அதன்பின் கோடு தட்டையாகிவிடுகிறது, அதாவது பலன் மேலும் கூடுவதில்லை.

ஸ்டெப் கணக்கிலும் இதே வளைவுதான். சராசரி வயது 72 உள்ள 16,741 பெண்களிடம் 2019-இல் பார்த்தார்கள். சுமார் 2,700 ஸ்டெப் நடந்தவர்களை விட 4,400 நடந்தவர்களுக்கு இறப்பு 41% குறைவாக இருந்தது, 7,500-க்கு அருகில் கோடு படுத்துவிட்டது. 2022-இல் 15 ஆய்வுகளைத் தொகுத்தபோது 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 6,000 முதல் 8,000, இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000 என்று வந்தது. மகன் சொல்லும் 10,000 எங்கிருந்து வந்தது தெரியுமா? 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டெப் எண்ணும் கருவியின் பெயர் "மான்போ-கெய்". பத்தாயிரம் அடி மானி என்று பொருள். விற்பனைக்கு வைத்த அழகான எண், மருத்துவ எல்லை அல்ல.

இந்த எண்களெல்லாம் பெரும்பாலும் சமதள ஊர்களில் எடுத்தவை. கோத்தகிரியில் ஜான்ஸ்டன் சதுக்கத்திலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் மேடு அல்லது இறக்கம். போன் காலசைவை எண்ணுமே தவிர, ஸ்டெப் கணக்கில் மேட்டுக்குத் தனி மதிப்பு கொடுப்பதில்லை.

மேட்டின் மதிப்பைக் கணக்கிட ஒரு சூத்திரம் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியை 1 மெட் என்பார்கள். மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் சமதளத்தில் நடந்தால் சுமார் 3 மெட். 10% சரிவில், அதாவது 100 மீட்டருக்கு 10 மீட்டர் உயரும் ரோட்டில், மணிக்கு 3 கி.மீ. என்று மெதுவாக ஏறினாலே 5 மெட். அதே மேட்டை 4 கி.மீ. வேகத்தில் ஏறினால் 6-ஐத் தாண்டிவிடும். 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு, 6-க்கு மேல் கடும் உழைப்பு என்பது வழக்கு. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமாக, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையாக. அப்படியென்றால் அந்த மேட்டில் தினம் 11 நிமிடம் விறுவிறுவென்று ஏறுபவர் குறைந்தபட்ச அளவை முடித்துவிடுகிறார். நிதானமாக ஏறுபவருக்கு தினம் 22 நிமிடம் போதும்.

உங்கள் தெருவின் சரிவை நீங்களே அளக்கலாம். ஒரு மீட்டர் நீளக் குச்சி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை மேட்டுப் பக்கம் ரோட்டில் ஊன்றி, குச்சியைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலை அதன்மேல் படுக்கவைத்தால் மட்டம் தெரியும். மறுமுனைக்கும் ரோட்டுக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டரோ, சரிவு அத்தனை சதவீதம். நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். 15-க்கு மேல் வந்தால் ஆரம்பத்தில் அந்தத் தெரு வேண்டாம்.

வேகத்தை நாடித்துடிப்பை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். உங்கள் பிரஷர் மாத்திரை அட்டினலால், மெட்டோப்ரலால் வகையாக இருந்தால் துடிப்பு ஏறாமல் பிடித்து வைக்கும், கைக்கடிகாரம் காட்டுவது பொய்யாகிவிடும். பேச்சுதான் சரியான அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்து பாட முடியாவிட்டால் மிதம். மூன்று நான்கு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தால் கடுமை. முதல் இரண்டு வாரம் ஐந்து நிமிடம் சமமான இடத்தில் நடந்துவிட்டு, மூன்று நிமிடம் ஏற்றம், ஒரு நிமிடம் நின்று மூச்சு, இப்படி மூன்று முறை. அடுத்த இரண்டு வாரம் ஐந்து முறை. அதன்பின் நிற்கும் இடைவெளியைக் குறையுங்கள், ஏறும் நேரத்தைக் கூட்டாதீர்கள். ஆறாவது வாரத்திலிருந்து ஒரே மூச்சில் 15 நிமிடம் என்பது பெரும்பாலோருக்குக் கைகூடும். மூச்சு வாங்குகிறது என்று பாதியில் நிற்பது தோல்வி அல்ல. சில்லறையாகச் செய்த நடையும் முழுக் கணக்கில் சேரும். உடற்பயிற்சியே செய்யாத 25,000 பேரைப் பார்த்த 2022 பிரிட்டன் ஆய்வில், பஸ்ஸுக்கு ஓடுவது, படி ஏறுவது போல ஒன்றிரண்டு நிமிட வேகமான அசைவு தினம் மூன்று முறை இருந்தவர்களுக்கே இறப்பு அபாயம் 38 முதல் 40% குறைவாக இருந்தது. இவ்வளவு பெரிய எண்ணில் உடல் நலம் ஏற்கெனவே நன்றாக இருந்ததன் பங்கும் இருக்கும். ஆனாலும் போகும் திசை சரியானது.

இனி முட்டி. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பிரேக் போடுகிறது. அந்த பிரேக் வேலையில் முட்டிச்சில்லின் பின்னால் விழும் அழுத்தம் பல மடங்கு. தசை தளர்ந்திருந்தால் அந்தப் பாரம் மூட்டின் மேல் விழுகிறது. புதிதாக இறங்கத் தொடங்கியவருக்கு மறுநாளும் மூன்றாம் நாளும் தொடை பிடித்துக்கொள்வதும் இதனால்தான். அது தானாகத் தணியும். முட்டி வீங்கினால், மடக்கும்போது மாட்டிக்கொண்டால், ராத்திரி படுத்தும் வலித்தால் காட்ட வேண்டும்.

இறங்கும் முறை: அடியைப் பாதியாகச் சுருக்குங்கள். முட்டியை விறைப்பாக நீட்டி வைக்காமல் லேசாக மடித்தே ஊன்றுங்கள். உடம்பைப் பின்னால் சாய்க்காதீர்கள், அதுதான் வழுக்கிவிடும். ரோடு அகலமாகவும் வண்டி இல்லாமலும் இருந்தால் குறுக்கும் நெடுக்குமாக இறங்கலாம், சரிவு பாதியாகும். வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் ஒரு கம்பு. இதைவிட எளிய வழி ஒன்று இருக்கிறது: இறங்குவதற்கு பஸ், ஏறுவதற்குக் கால். இறங்க வேண்டிய ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் கீழேயே இறங்கி வீட்டுக்கு ஏறி வாருங்கள். ஆனால் இறக்கத்தை முழுக்க விட்டுவிட வேண்டாம். ஆஸ்திரியாவின் மலையில் ஒரு குழுவை இரண்டு மாதம் நடந்து ஏறி கேபிள் காரில் இறங்கவும், அடுத்த இரண்டு மாதம் கேபிள் காரில் ஏறி நடந்து இறங்கவும் வைத்துப் பார்த்தார்கள். ஏறியபோது ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது, இறங்கியபோது சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியது. எல்லைக்கோட்டுச் சர்க்கரைக்காரருக்கு இது கவனிக்க வேண்டிய விஷயம்.

முட்டிக்கு மருந்து தொடைத் தசைதான். கை வைக்காத கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து நில்லுங்கள். பிறகு மூன்று எண்ணும் நேரம் எடுத்து மெதுவாக உட்காருங்கள். பத்து முறை, ஓய்வு, மறுபடி பத்து. வாரம் மூன்று நாள். உட்காரும்போது "பொத்" என்று விழுந்தால் அந்த முறை கணக்கில்லை. நீங்கள் பலப்படுத்த வேண்டியது அந்த பிரேக்கைத்தான். தசைப் பயிற்சிக்குத் தனியாகவே 10 முதல் 17% இறப்புக் குறைவு என்று 2022 தொகுப்பு சொல்கிறது, அதுவும் வாரம் 30 முதல் 60 நிமிடத்திலேயே.

மலையில் கெடுதல் எங்கிருந்து வருகிறது என்றால், முதலில் நேரம். சமவெளிப் பழக்கத்தில் ஐந்தரைக்கே கிளம்பாதீர்கள். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கிப் பிரஷர் ஏறும். அதிகாலையில் அது இயல்பாகவே ஏறும் நேரம். இரண்டோடு மேடும் சேர்ந்தால் இதயத்துக்கு மூன்று சுமை. அந்த இருட்டிலும் மூடுபனியிலும்தான் காட்டெருமையும் கரடியும் தேயிலைக்குள் இருந்து ரோட்டுக்கு வரும். ஏழு மணிக்கு மேல், வெயில் எட்டிப் பார்த்தபின், குல்லாவும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். காதில் இயர்போன் வேண்டாம். நடைபாதை இல்லாத ரோட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி வலப்பக்கமே நடங்கள்.

இரண்டாவது, நெஞ்சு. மேடு ஏறும்போது நெஞ்சின் நடுவில் இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் கனம், நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால் அது வாயுத் தொல்லை அல்ல. இதயத்துக்குப் போகும் குழாயில் அடைப்பு இருக்கலாம். அன்றே ஏறுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். நின்றும் விடாமல் வலி நீடித்தால், வியர்த்துக் கொட்டினால் 108-ஐ அழையுங்கள், நடந்து ஆஸ்பத்திரிக்குப் போக முயலாதீர்கள். பெண்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலியே இல்லாமல் வழக்கத்துக்கு மீறிய மூச்சிரைப்பாகவோ களைப்பாகவோ வரலாம். போன மாதம் சாதாரணமாக ஏறிய மேடு இந்த மாதம் இரண்டு இடத்தில் நிற்க வைத்தால் அதுவே ஒரு அறிகுறி. பிரஷர் 180/110-ஐ ஒட்டி இருந்தால் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகுதான் மேடு.

இதைச் சொன்னதும் பயந்து உட்கார்ந்துவிட வேண்டாம். 21,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களை 12 ஆண்டு பார்த்த ஆய்வில், கடும் உழைப்பின் போதோ அது முடிந்த அரை மணிக்குள்ளோ நேர்ந்த திடீர் மரணம் சுமார் 15 லட்சம் முறைக்கு ஒன்று. வழக்கமாகப் பயிற்சி செய்தவர்களிடம் அந்த ஆபத்து இன்னும் குறைவு. வருடம் முழுக்க உட்கார்ந்துவிட்டு ஒருநாள் தொட்டபெட்டாவுக்கு வேகமாக ஏறுபவருக்குத்தான் அது அதிகம். சமவெளியிலிருந்து வரும் உங்கள் மகனுக்கும் இதைச் சொல்லுங்கள். ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல்தான். வந்த முதல் இரண்டு நாள் அவர் தன் வழக்கமான வேகத்தைக் குறைத்தே ஏற வேண்டும்.

நடந்து வந்தபின் மீதி நாள் முழுக்க டிவி முன் உட்கார்ந்தால் லாபத்தில் ஒரு பங்கு கரையும். பத்து லட்சம் பேருக்கு மேல் சேர்த்துப் பார்த்த 2016 தொகுப்பில், எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்பவர்களின் கூடுதல் அபாயத்தைத் துடைக்க தினம் 60 முதல் 75 நிமிடம் மிதமான உழைப்பு தேவைப்பட்டது. அவ்வளவு நடப்பதை விட அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் உலாவுவது உங்களுக்குச் சுலபம். சாப்பிட்ட பின் பத்து நிமிடம் வீட்டு வாசலிலேயே நடந்தால் சர்க்கரையின் ஏற்றமும் மட்டுப்படும்.

கோத்தகிரிக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தோடு வருகிறது. அந்த வாரங்களில்தான் நடை நின்று, தை மாதம் வரை திரும்பாமல் போகிறது. மண் சரியும் நாட்களில் ரோட்டுக்குப் போகவே வேண்டாம். வீட்டில் ஒரே ஒரு படி இருந்தாலும் போதும். சுமார் 20 செ.மீ. உயரமுள்ள படியில் கைப்பிடியைத் தொட்டபடி ஏறி இறங்குங்கள். வலது கால் முதலில் ஒரு நிமிடம், இடது கால் முதலில் ஒரு நிமிடம், ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி ஐந்து சுற்று. நிமிடத்துக்கு 20 முறை ஏறினால் அந்தப் பத்து நிமிடத்தில் 40 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள். 10% மேட்டில் 400 மீட்டர் ரோடு நடந்ததற்கு அது சமம்.